அணைத் தண்ணீர் திறப்பும் கீழ்ப்பகுதி ஆறும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அணைக்குக் கீழே வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடுகிறதே, ஆற்றுக்கு என்ன குறை வந்துவிடும்?

ஆண்டு மொத்தத்தில் பெரிதாக எதுவும் குறையாமல் தண்ணீர் ஓடியும் மீன் இனங்கள் அற்றுப்போன ஆறுகள் உண்டு. அளவைத் தவிர நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும். தண்ணீர் எந்த மாதத்தில் வருகிறது? எவ்வளவு வேகமாக ஏறி, எவ்வளவு வேகமாக இறங்குகிறது? தேக்கத்தின் எந்த ஆழத்திலிருந்து எடுக்கப்படுகிறது? மணலும் வண்டலும் கூட வருகின்றனவா, வெறும் தெளிந்த நீர் மட்டும்தானா? செய்தியில் வரும் “இத்தனை ஆயிரம் கன அடி திறப்பு” என்ற எண் இந்த நான்கில் ஒன்றைக்கூடச் சொல்வதில்லை.

கன அடி, கன மீட்டர், டி.எம்.சி.: எதை எப்படி மாற்றுவது?

ஒரு கன மீட்டர் என்பது 35.3 கன அடி. விநாடிக்கு 1,000 கன அடி என்றால் 28.3 கன மீட்டர். விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி., அதாவது நூறு கோடி கன அடி. கீழே வரும் ஓட்டக் கணக்குகள் எல்லாம் விநாடிக்குக் கன மீட்டரில்.

அணையிலிருந்து வரும் தண்ணீர் கோடையிலும் ஏன் சில்லென்று இருக்கிறது?

ஆழமான நீர்த்தேக்கம் கோடையில் இரண்டு அடுக்காகப் பிரிந்துவிடும். மேலே வெயில் பட்ட, எடை குறைந்த, வெதுவெதுப்பான நீர். அடியில் குளிர்ந்த, எடை கூடிய நீர். நடுவே சில மீட்டருக்குள் வெப்பநிலை சட்டென்று இறங்கும். இந்த இரண்டு அடுக்கும் மாதக்கணக்கில் கலப்பதில்லை. பெரும்பாலான அணைகளில் டர்பைனுக்குப் போகும் குழாயும் அடிமதகும் கீழ் அடுக்கில்தான் இருக்கின்றன. அதனால் ஆற்றுக்கு வருவது அந்தக் குளிர்ந்த நீர்தான்.

அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில் 1963இல் கிளென் கேன்யன் அணை மூடப்படுவதற்கு முன், நீரின் வெப்பநிலை குளிர்காலத்தில் உறைநிலையை ஒட்டியும் கோடையில் 25 டிகிரி செல்சியஸுக்கு மேலும் இருந்தது. தேக்கம் நிரம்பிய பிறகு பல பத்தாண்டுகளுக்கு, வருஷம் முழுக்கச் சுமார் 8 முதல் 10 டிகிரி. அந்த ஆற்றுக்கே உரிய ஹம்ப்பேக் சப் என்ற மீன் இனம் பெருகுவதற்குச் சுமார் 16 டிகிரியாவது வேண்டும். தண்ணீர் இருந்தது, இரையும் ஓரளவு இருந்தது. முட்டையிடும் சூடு மட்டும் வரவேயில்லை. குஞ்சு பொரிப்பதற்கு அந்த மீன்களுக்குக் கிளையாறுகளே கதியாயின.

இதன் மறுபக்கமும் உண்டு. குளிர்காலத்தில் அடிநீர், ஆற்றின் இயல்பான வெப்பநிலையைவிடச் சூடாக வரும். முட்டைகள் வழக்கத்துக்கு முன்பே பொரிந்து, இரை இல்லாத காலத்தில் குஞ்சுகள் வெளிவந்துவிடும்.

வெப்பநிலையைச் சரிசெய்ய வழி இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் வடிவமைக்கும்போதே செய்தால் மலிவு, பிறகு செய்தால் பெருஞ்செலவு. அடிப்படை உத்தி ஒன்றுதான்: பல உயரங்களில் வாய் வைத்து, தேவையான வெப்பநிலை உள்ள அடுக்கிலிருந்து எடுப்பது. கிரீன் ஆற்றின் ஃபிளேமிங் கார்ஜ் அணையில் 1978இல் இப்படி ஏற்பாடு செய்தார்கள். கலிபோர்னியாவின் சாஸ்தா அணையில் அணைச்சுவரின் முன்புறம் கதவுகள் கொண்ட பெரிய எஃகுக் கூடு ஒன்று 1997இல் செயலுக்கு வந்தது. ஆஸ்திரேலியாவின் பர்ரன்டாங் அணையில் உள்வாங்கும் கோபுரத்தைச் சுற்றி மிதக்கும் திரை ஒன்றை 2014இல் தொங்கவிட்டார்கள். மேல்நீர் திரையைத் தாண்டி உள்ளே வரும், அடிநீர் வெளியே நிற்கும்.

சாஸ்தாவில் தேவை நேர்மாறானது. அங்கே குளிர்கால சினூக் சால்மன்கள் முட்டையிட்டு வந்த மலைப்பகுதிக் குளிரோடைகளை அணை மறித்துவிட்டது. அணைக்குக் கீழே, வெயில் காயும் சமவெளியில் முட்டையிடும் மீன்களுக்கு 13.3 டிகிரி செல்சியஸை ஒட்டிய நீரைக் கோடை முழுக்கத் தந்தாக வேண்டும். எனவே தேக்கத்தின் குளிர்நீரைக் கஞ்சத்தனமாகச் செலவழிக்கிறார்கள். 2014 வறட்சியில் அந்தக் குளிர்நீர் கோடை முடிவதற்குள் தீர்ந்தது. அந்த ஆண்டின் முட்டைகளிலும் குஞ்சுகளிலும் சுமார் 95 சதவீதம் அழிந்தது. கதவு எத்தனை இருந்தாலும் உள்ளே குளிர்நீர் இருந்தால்தான் பயன்.

சூடாக்குவதிலும் சிக்கல் உண்டு. கிளென் கேன்யனில் வறட்சியால் நீர்மட்டம் சரிந்து, டர்பைன் வாய்க்கு மேல்நீர் எட்டியது. ஆற்று நீர் சூடானது. சப் மீனுக்கு அது நல்ல செய்தி. கூடவே தேக்கத்தில் வாழ்ந்த ஸ்மால்மவுத் பாஸ் என்ற கொன்றுண்ணி மீன் டர்பைன் வழியாக இறங்கியது. 2022இல் அணைக்குக் கீழே அதன் குஞ்சுகளே கிடைத்தன. 2024 கோடையில் அது பெருகாமல் தடுப்பதற்காக அடிக்குழாய்களின் குளிர்நீரைக் கலந்து ஆற்றைச் சுமார் 15.5 டிகிரிக்குக் கீழே வைக்கப் பாடுபட்டார்கள். ஒரு காலத்தில் குறையாக இருந்த குளிர் அங்கே கேடயமாகிவிட்டது. இப்படிப்பட்ட ஆற்றில் “சரியான வெப்பநிலை எது” என்று ஒரே எண்ணைக் கேட்பவருக்குப் பதில் கிடைக்காது.

அடிமதகு திறந்ததும் அழுகிய முட்டை வாடை வருகிறது. ஆபத்தா?

ஆபத்துதான். கீழ் அடுக்குக்குக் காற்றோடு தொடர்பு இல்லை. மூழ்கிய செடிகொடிகளும் பாசியும் அங்கே அழுகும்போது ஆக்ஸிஜன் முழுவதும் தீர்ந்துபோகலாம். அதன் பிறகு ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகும், சேற்றிலிருந்து இரும்பும் மாங்கனீசும் கரைந்து வெளிவரும். வாடை ஹைட்ரஜன் சல்ஃபைடுடையது. கற்களில் படியும் துருநிறமும் கறுப்பும் மற்ற இரண்டின் அடையாளம்.

20 டிகிரி நீரில் ஒரு லிட்டரில் அதிகபட்சம் சுமார் 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரையும், 30 டிகிரியில் சுமார் 7.5. அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் 1990களில் தன் அணைகளில் வைத்துக்கொண்ட இலக்கு: குளிர்நீர் மீன்கள் உள்ள இடத்தில் 6 மில்லிகிராம், வெதுநீர் மீன்கள் உள்ள இடத்தில் 4. அதற்கு மூன்று வழிகளைக் கையாண்டார்கள். டர்பைன் சக்கரத்திலேயே துளை வைத்துக் காற்றை உறிஞ்ச விடுவது ஒன்று. தேக்கத்தின் அடியில் துளைக்குழாய் போட்டு ஆக்ஸிஜன் குமிழ்களை விடுவது இன்னொன்று. அணைக்குச் சற்றுக் கீழே குட்டையான தடுப்பணை கட்டித் தண்ணீரை வழியவிட்டுக் காற்றோட்டம் தருவது மூன்றாவது. மூன்றாவது வழிக்கு ஒரு கூடுதல் லாபம் உண்டு: டர்பைன் நின்ற நேரத்திலும் தடுப்பணையில் தேங்கிய நீர் ஆற்றுக்குக் கசிந்துகொண்டிருக்கும்.

அப்படியானால் உபரிநீர் வழிந்தோடியில் விழும் தண்ணீருக்கு ஆக்ஸிஜன் நிறைய இருக்கும், நல்லதுதானே?

அளவோடு இருந்தால் நல்லது. உயரத்திலிருந்து விழும் நீர் காற்றுக் குமிழ்களை ஆழமான குழிக்குள் இழுத்துச் செல்கிறது. அங்குள்ள அழுத்தத்தில் நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் இயல்பைவிட அதிகமாகக் கரைந்துவிடுகின்றன. சோடா புட்டியைப் போல. அந்த நீரைச் சுவாசித்த மீன் மேலே வந்ததும் அதன் இரத்தத்திலும் தசையிலும் குமிழ்கள் கட்டும். கொலம்பியா ஆற்றின் ஜான் டே அணையில் 1968இல் கரைந்த வாயு, இயல்பாகக் கரையும் அளவை 100 என்று வைத்தால், 140 சதவீதத்தை ஒட்டிப் போய், சால்மன்கள் ஏராளமாகச் செத்தன. அமெரிக்காவில் பொதுவான வரம்பு 110 சதவீதம்.

ஒவ்வொரு மீட்டர் ஆழமும் சுமார் 10 சதவீத மிகையை ஈடுகட்டும். அதனால் ஆழமான மடு உள்ள ஆற்றில் மீன் கீழே இறங்கித் தப்பிக்கும். முழங்கால் ஆழம் ஓடும் ஆற்றில் ஒளிய இடமில்லை. பரிகாரம், வழிந்தோடியின் அடியில் உதடு போன்ற சிறு மேடையைக் கட்டுவது. நீர் குழிக்குள் பாயாமல் மேற்பரப்பில் சறுக்கிப் போகும்.

மின்உற்பத்திக்காகத் தினமும் ஏற்றி இறக்கும் தண்ணீர் என்ன செய்கிறது?

எங்கள் கணிப்பில், தினசரிக் கேடு என்று பார்த்தால் இதுதான் முதலிடம். மின்தேவை கூடும் மாலையில் டர்பைன் ஓடும், இரவில் நிற்கும். ஆறு ஒரே நாளில் வெள்ளத்தையும் வறட்சியையும் காணும். ஏற்றத்தின்போது குஞ்சுகளும் பூச்சிகளும் அடித்துச் செல்லப்படும். ஆனால் அதிகம் கொல்வது இறக்கம். கரையோரத்து ஆழமில்லாத இடத்தில்தான் குஞ்சுமீன்கள் மேயும். நீர் சட்டென்று வடியும்போது அவை கூழாங்கல் இடுக்கிலும் குட்டைகளிலும் மாட்டிக்கொள்ளும். சில நிமிடத்தில் பறவைக்கு இரை, இல்லையென்றால் வெயிலில் கருவாடு.

நார்வேயில் சால்மன், ட்ரௌட் குஞ்சுகளை வைத்து நடந்த ஆய்வுகள், நீர்மட்டம் மணிக்கு 10 செ.மீ.க்கு மெதுவாக இறங்கினால் கரையில் மாட்டுவது பெருமளவு குறைகிறது என்று காட்டின. இந்த எண்ணை எல்லா ஆற்றுக்கும் அப்படியே பொருத்தக் கூடாது. கரைச் சரிவு, கல்லின் பருமன், மீன் இனம், அதன் வயது எல்லாம் இதை மாற்றும். ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது: வரம்பைச் செ.மீ. கணக்கில் வைக்க வேண்டும், கன மீட்டர் கணக்கில் அல்ல.

காரணம் இது. 10 கன மீட்டர் ஓடும்போது 60 செ.மீ. ஆழமுள்ள அகலமான படுகை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 210 கன மீட்டரிலிருந்து 200க்குக் குறைத்தால் மட்டம் சுமார் 11 செ.மீ. இறங்கும். அதே 10 கன மீட்டரை, 20லிருந்து 10க்குக் குறைத்தால் சுமார் 30 செ.மீ. இறங்கும். கரை நூற்றுக்கு இரண்டு என்ற சரிவில் இருந்தால் 30 செ.மீ. இறக்கம் 15 மீட்டர் அகலத்துக்குப் படுகையை வெளிக்காட்டிவிடும். ஆகவே மேல் மட்டத்தில் வேகமாகக் குறைக்கலாம், கடைசிக் கட்டத்தில்தான் ஆமைவேகம் வேண்டும். பல இயக்க அட்டவணைகள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. மணிக்கு இத்தனை கன மீட்டர் என்று ஒரே சீராகக் குறைத்து, ஆபத்தான கடைசிப் படியையும் அதே வேகத்தில் தாண்டிவிடுகின்றன.

நேரமும் கணக்கு. மிகக் குளிர்ந்த நீரில் சால்மன் குஞ்சுகள் பகலில் கற்களுக்கடியில் ஒடுங்கி, இரவில் வெளியே வரும். குளிர்காலத்தில் பகலில் இறக்கினால் அவை கல்லோடு கல்லாக மாட்டும், அதனால் இரவில் இறக்குவதே மேல்.

நிரந்தரத் தீர்வு, மின்நிலையத்துக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒரு சமன்செய் குளம். ஏற்ற இறக்கத்தைக் குளம் வாங்கிக்கொள்ளும், ஆற்றுக்குச் சீராக விடும். சுவிட்சர்லாந்தில் 2011இல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம், இப்படிப்பட்ட மின்நிலையங்களின் பாதிப்பை 2030க்குள் சரிசெய்யச் சொல்கிறது.

நீர்மட்டம் ஏறியதும் குளிர்நீரும் வந்துவிட்டது என்று பொருளா?

இல்லை. மட்டம் ஏறும் அலை, தண்ணீரைவிட வேகமாகப் போகும். அகலமான ஆற்றில் சுமார் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். தண்ணீர் விநாடிக்கு ஒரு மீட்டர் ஓடுகிறது என்றால், 50 கி.மீ. தொலைவுக்கு அலை சுமார் எட்டரை மணி நேரத்தில் வந்துவிடும். அணைத் தண்ணீர் வந்துசேர 14 மணி நேரம் ஆகும். முதலில் ஏறுவது, ஏற்கெனவே ஆற்றில் இருந்து தள்ளப்பட்ட பழைய நீர். மட்டம் ஏறியவுடன் மாதிரி எடுத்துவிட்டு “அணை நீரில் கோளாறில்லை” என்று எழுதுகிற தவறு இங்கேதான் நடக்கிறது.

போகப் போக ஏற்றத்தின் முகப்பு செங்குத்தாகும், இறக்கம் நீண்டு மெதுவாகும். அதனால்தான் கரையில் மாட்டிச் சாகும் மீன்கள் அணையை ஒட்டிய பகுதியில் அதிகம்.

பூச்சிகளைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

ஆற்றுமீனுக்குச் சாப்பாடு அவைதான். மேஃப்ளை, காடிஸ்ஃப்ளை போன்றவற்றின் பல இனங்கள் நீர்விளிம்பில், கல்லின் ஓரத்தில், அந்தி நேரத்தில் முட்டை ஒட்டும். அந்தியில் மட்டம் உயர்ந்திருந்து விடியலுக்குள் இறங்கினால் முட்டை காய்ந்து போகும். அலை வந்துசேரும் நேரம் இடத்துக்கு இடம் மாறுவதால், அந்தியில் மட்டம் தாழ்ந்திருக்கும் இடங்களில் பூச்சி அதிகமாகவும், உயர்ந்திருக்கும் இடங்களில் குறைவாகவும் கொலராடோ ஆற்றில் வரிவரியாகப் பதிவானது.

அதிலிருந்து ஓர் எளிய யோசனை பிறந்தது. மின்தேவை குறைந்த சனி, ஞாயிறுகளில் நீரைத் தாழ்வாகவும் அசையாமலும் வைத்துவிடுவது. அந்த இரண்டு நாளில் இட்ட முட்டைகள் அதற்குப் பிறகு எப்போதும் நீருக்கடியிலேயே இருக்கும். கிளென் கேன்யனில் 2018 முதல் 2020 வரையும் 2022இலும், மே முதல் ஆகஸ்ட் வரை இதைச் செய்தார்கள். ஒரு துளித் தண்ணீர்கூடக் கூடுதலாகச் செலவில்லை.

அணைக்குக் கீழே நீர் தெளிவாக இருக்கிறது. இது நல்ல அறிகுறிதானே?

பார்க்க அழகு, ஆற்றுக்குப் பட்டினி. மணலையும் வண்டலையும் தேக்கத்தில் இறக்கிவைத்துவிட்டு வரும் நீருக்கு அவற்றைச் சுமக்கும் வலு அப்படியே இருக்கிறது. அதனால் கீழே உள்ள படுகையையும் கரையையும் அரித்து எடுத்துக்கொள்ளும். முதலில் மணல் போகும், பிறகு சிறு சரளை, கடைசியில் நகர்த்த முடியாத பெருங்கற்கள் கவசம்போல மிஞ்சும். அந்தக் கவசத்தில் மீன் முட்டையிடக் குழி தோண்ட முடியாது. படுகை தாழ்ந்தால் அருகிலுள்ள நிலத்தடி நீரும் தாழும், பாலத்தூண்களின் அடி வெளியே தெரியும்.

மண்நிறமாக ஓட வேண்டிய மேகாங் ஆறு 2019 இறுதியில் தாய்லாந்தின் நகோன் பனோம் பகுதியில் நீலப்பச்சையாக மாறியதைப் பலர் படமெடுத்துப் பரப்பினார்கள். குறைந்த ஓட்டமும் மேலே வண்டல் தேங்கியதும் சேர்ந்து செய்த வேலை அது.

ரைன் ஆற்றில் இஃபெட்ஸ்ஹைம் தடுப்புக்குக் கீழே 1978 முதல் படகில் சரளை கொண்டுவந்து கொட்டுகிறார்கள், சராசரியாக ஆண்டுக்குச் சுமார் 1.7 லட்சம் கன மீட்டர். நிறுத்தினால் படுகை மறுபடி இறங்கும். ஆகவே இது முடிவில்லாத வேலை.

செயற்கை வெள்ளம் விட்டால் மணல்திட்டுகள் திரும்ப வருமா?

மணல் இருந்தால் வரும். கிளென் கேன்யனில் 1996 மார்ச், ஏப்ரலில் ஏழு நாள் விநாடிக்கு 1,274 கன மீட்டர் விட்டார்கள். முதல் சில நாளில் திட்டுகள் உயர்ந்தன. ஆனால் அந்த மணலில் பெரும்பகுதி மேலிருந்து புதிதாக வந்ததல்ல, பழைய திட்டுகளின் அடியிலிருந்தே பெயர்ந்து வந்தது. இடக்கையிலிருந்து எடுத்து வலக்கையில் போட்ட கதை. 2004 முதல் முறையை மாற்றினார்கள். அணைக்குக் கீழே சேரும் பாரியா கிளையாறு மழைக்காலத்தில் மணலைக் கொட்டும்வரை காத்திருந்து, அதன் பிறகு குறுகிய நேரம், அந்த ஆண்டு 60 மணி நேரம், வெள்ளம் விட்டார்கள். மணல் வந்துசேர்ந்ததை அளந்த பிறகே மதகைத் தொடுவது என்பதுதான் அங்கே கற்ற பாடம்.

சுவிட்சர்லாந்தின் ஷ்போல் ஆற்றில் 2000 முதல் ஆண்டுதோறும் ஓரிரு செயற்கை வெள்ளங்களை விட்டார்கள். பாசி படர்ந்து அடைத்துக் கிடந்த சரளை கழுவப்பட்டது. பூச்சி இனங்களின் கலவை மாறிப் புதிய நிலைக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின. ஒரே ஒரு வெள்ளம் விட்டுவிட்டுப் பலன் தேடினால் ஏமாற்றம்தான்.

அப்படி ஒரு வெள்ளத்தைத் திட்டமிடும்போது வரிசை என்ன?

நோக்கத்தை முதலில் முடிவுசெய்ய வேண்டும்: மணல்திட்டா, சரளைக் கழுவலா, மீன்களுக்கு முட்டையிடும் தூண்டுதலா. மூன்றுக்கும் உச்சமும் நீளமும் வேறு. பிறகு கிளையாறுகளின் நீர்வரத்து முன்னறிவிப்பு. இரண்டு வெள்ளம் கூடிவிடக் கூடாது. ஆற்றோரத்தில் ஆட்களும் கால்நடையும் படகும் இல்லையென்று பார்த்து, சங்கு ஒலித்து, முதலில் எச்சரிக்கை அலையாகச் சிறிதளவு திறந்து அரைமணி, ஒருமணி நிறுத்துவது. ஏற்றத்தைப் படிப்படியாகக் கொண்டுபோய் உச்சத்தில் தேவையான நேரம் மட்டும் வைப்பது. இறக்கத்துக்கு ஏற்றத்தைப்போல இரண்டு, மூன்று மடங்கு நேரம் ஒதுக்குவது. கடைசி அரை மீட்டர் இறங்கும்போது கரையில் ஆள் நடக்க வேண்டும். குட்டைகளில் மாட்டிய குஞ்சுகளை எண்ணி, தேவைப்பட்டால் அந்தப் படியிலேயே நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அந்த ஆளுக்கு இருக்க வேண்டும்.

மீன்களுக்கான தூண்டுதல் என்றால் வெப்பநிலையையும் பார்க்க வேண்டும். யாங்சி ஆற்றில் த்ரீ கார்ஜஸ் அணையிலிருந்து 2011 முதல் மே, ஜூன் மாதங்களில் நாலைந்து நாள் தொடர்ந்து ஓட்டத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். அங்குள்ள நான்கு முக்கியக் கெண்டை இனங்கள் நீர் 18 டிகிரியைத் தாண்டி, ஓட்டமும் ஏறினால்தான் முட்டையிடும். முட்டை மூழ்காமல் மிதந்தபடி நீண்ட தூரம் போய்ப் பொரிய வேண்டும். நடுவில் இன்னொரு தேக்கம் வந்து ஓட்டம் நின்றால் அடியில் படிந்து செத்துப்போகும்.

தேக்கத்தில் சேர்ந்த வண்டலை ஒரேயடியாகத் திறந்து வெளியேற்றினால் இரண்டு பக்கமும் லாபமில்லையா?

கணக்கில் லாபம், ஆற்றில் சாவு. பல ஆண்டு மூடிக்கிடந்த சேறு கறுப்பாக, ஆக்ஸிஜன் இல்லாமல், இலைதழை அழுகலோடு இருக்கும். ஜப்பானின் குரோபே ஆற்றில் 1985இல் முடிந்த தாஷிதைரா அணையில் 1991 டிசம்பரில் முதல்முறை வண்டலைத் திறந்தபோது, அது தொயாமா விரிகுடா வரை போய் மீன்பிடிப்பைக் கெடுத்தது. தவறு இரண்டு: வருஷக்கணக்கில் சேரவிட்டது, ஆற்றில் ஓட்டம் குறைந்த குளிர்காலத்தில் திறந்தது. 2001 முதல் கீழுள்ள உனசுகி அணையோடு சேர்த்து, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இயற்கை வெள்ளம் வரும்போது மட்டும் திறக்கிறார்கள்.

ரோன் ஆற்றின் ஜெனிசியா அணையில் 1978இல் தேக்கத்தை வடித்தபோது கீழே மீன்கள் பெருமளவில் செத்தன. பிறகு அங்கே கடுமையான வரம்பு வந்தது. வண்டலின் அளவு லிட்டருக்குச் சராசரி 5 கிராம், தொடர்ந்து அரை மணி நேரத்துக்கு 10 கிராம், கால் மணி நேரத்துக்கு 15 கிராம் என்ற எல்லைகளைத் தாண்டக் கூடாது. அதைக் கடைப்பிடிக்க அடிமதகின் சேற்று நீரையும் மேல்மதகின் தெளிந்த நீரையும் கலந்து விடுகிறார்கள். அளவுமானி கீழே இருக்க, மதகு இயக்குபவர் அதைப் பார்த்தபடியே திறப்பை மாற்றுகிறார்.

குறைந்தபட்சம் எவ்வளவு தண்ணீர் விட்டால் போதும்?

1976இல் வெளியான டென்னன்ட் முறை, ஆண்டுச் சராசரி ஓட்டத்தில் 10 சதவீதம் என்றால் உயிர் தரிக்கும், 30 சதவீதம் என்றால் ஓரளவு நல்ல வாழ்விடம், 60 சதவீதம் மிகச்சிறப்பு என்றது. கணக்கு எளிது என்பதால் உலகெங்கும் பரவியது. அமெரிக்க மேற்குப்பகுதி ஓடைகளைப் பார்த்து உருவான அந்த எண்ணை, நான்கு மாதத்தில் ஆண்டு நீரெல்லாம் கொட்டித்தீரும் பருவமழை ஆற்றுக்குப் பொருத்தினால், கோடையில் இயற்கையாக ஓடியதைவிட அதிகமாகவும் மழைக்காலத்தில் துளிபோலவும் வரும்.

மாத வாரியாகக் கணக்கிடுவது மேல். கங்கைக்கு 2018 அக்டோபரில் இந்திய அரசு அறிவித்த விதி அப்படித்தான். ஹரித்வாருக்கு மேலே, நவம்பர் முதல் மார்ச் வரை அந்தந்த மாதச் சராசரி ஓட்டத்தில் 20 சதவீதம். அக்டோபர், ஏப்ரல், மே மாதங்களில் 25. ஜூன் முதல் செப்டம்பர் வரை 30. இதுவும் அடிமட்டம்தான். உச்ச வெள்ளத்தைப் பற்றியோ, ஒரே நாளுக்குள் ஏறி இறங்குவதைப் பற்றியோ சதவீதக் கணக்கு எதுவும் சொல்லாது. நாள் சராசரியில் விதியை நிறைவேற்றிக்கொண்டே பத்து மணி நேரம் ஆற்றைக் காயவிட முடியும்.

பாசனத்துக்காகக் கோடையில் நிறைய விடுகிறார்கள். ஆற்றுக்கு அது போனஸ் அல்லவா?

பருவம் தலைகீழானால் போனஸ் அல்ல. ஆஸ்திரேலியாவின் மர்ரே ஆற்றில் ஹியூம் அணைக்குக் கீழே இயற்கையில் குளிர்காலமும் வசந்தமும் வெள்ளக்காலம், கோடை தாழ்காலம். பாசன இயக்கம் அதைப் புரட்டிப்போட்டது. கோடையில் காய வேண்டிய தாழ்நிலக் காடுகளில் தண்ணீர் நிற்கிறது, நனைய வேண்டிய காலத்தில் வறண்டு கிடக்கிறது. தாழ்ந்த, மெதுவான, வெதுவெதுப்பான நீரில் வளர வேண்டிய குஞ்சுகளுக்குக் கோடையில் கிடைப்பது வேகமான குளிர்நீர்.

கரையோர மரங்களுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

காட்டன்வுட், வில்லோ போன்ற மரங்களின் விதை சில வாரமே உயிரோடிருக்கும். வெள்ளம் வடிந்த ஈரமணலில் விழ வேண்டும், அதன் பிறகு வேர் ஈரத்தைத் துரத்தியபடி இறங்க வேண்டும். நீர்மட்டம் நாளுக்குச் சுமார் 2.5 செ.மீ. வீதம் தாழ்ந்தால் வேர் கூடவே வரும். அதைவிட வேகமென்றால் நாற்று வாடும். வெள்ளமே வராத ஆற்றில் வேறொரு தொல்லை: செடிகள் நீர்விளிம்பு வரை முற்றி, மணலைப் பிடித்து, ஆற்றைக் குறுகிய வாய்க்காலாக்கிவிடும்.

கழிமுகமும் கடலும்கூடப் பாதிக்கப்படுமா?

நைல் நதி இதற்குச் சாட்சி. ஆண்டு வெள்ளம் கொண்டுவந்த சத்துகளை நம்பியிருந்த எகிப்தின் மத்தி மீன்பிடிப்பு 1962இல் சுமார் 18,000 டன். அஸ்வான் உயர் அணை நீரைத் தேக்கத் தொடங்கிய பின், 1968இல் சில நூறு டன். பல ஆண்டுகள் கழித்துப் பிடிப்பு மீண்டது. ஆனால் அதற்கு வயல் உரமும் நகரச் சாக்கடையும் கொண்டுவந்த சத்துகள் பெரிய காரணம் என்கிறார்கள். வண்டல் திரும்பவில்லை, கழிமுகத்தின் கரை இன்னும் அரிபடுகிறது.

கொலராடோவின் வறண்ட கழிமுகத்துக்கு 2014இல் மார்ச் 23 முதல் மே 18 வரை சுமார் 13 கோடி கன மீட்டர் விட்டார்கள். மே நடுவில் ஆறு கடலைத் தொட்டது. நீரில் பெரும்பகுதி மணலில் இறங்கிவிட்டது. எனவே அமெரிக்காவும் மெக்சிகோவும் செய்துகொண்ட அடுத்த உடன்பாட்டில், பரவலாக விடுவதற்குப் பதில் மரம் நட்ட குறிப்பிட்ட இடங்களுக்குப் பாசன வாய்க்கால் வழியே கொண்டுசேர்த்தார்கள்.

பாதிப்பு எவ்வளவு தொலைவு போகும்?

வெப்பநிலை பெரிய அணைகளில் நூறு கி.மீ.க்கு மேல் போகும். ஆக்ஸிஜன் குறை, சலசலத்து ஓடும் பாறைப்பகுதி வந்தால் சில கி.மீ.யில் தீரும். மணல் பற்றாக்குறையைத் தீர்க்கக் கிளையாறு வர வேண்டும். அணையில்லாத ஒரு கிளையாறு சேருமிடம், அணை கட்டிய ஆற்றுக்கு உயிர்நாடி. புதிய அணைக்கு இடம் தேடுபவர்கள் அந்தக் கிளையாற்றையே குறிவைப்பதுதான் வழக்கம்.

மீன்கள் செத்து மிதக்கின்றன. காரணத்தை எப்படி அனுமானிப்பது?

வாய் பிளந்து, செவுள்மூடி விரிந்து, பெரிய மீன்கள் முதலில் செத்திருந்தால் ஆக்ஸிஜன் குறை. துடுப்புக் கதிர்களுக்கிடையே குமிழ், பிதுங்கிய கண் என்றால் வாயு மிகை. செவுளில் சேறு அப்பியிருந்தால் வண்டல் திறப்பு. கரையோரக் குட்டைகளில் குஞ்சுகள் மட்டும் செத்திருந்தால் வேகமான இறக்கம். செத்து ஒரு நாள் ஆன மீனில் குமிழும் செவுள் நிறமும் நம்பத்தக்கவை அல்ல. சாகும் தறுவாயில் உள்ளதைப் பிடித்துப் பாருங்கள், நேரத்தோடு படமெடுங்கள், அதே நாளின் மதகு இயக்கப் பதிவைக் கேட்டு வாங்குங்கள்.

பெரிய கருவிகள் இல்லாமல் ஆற்றைக் கண்காணிக்க முடியுமா?

முடியும். தானாகப் பதியும் சிறு வெப்பமானி மூன்று போதும்: தேக்கத்துக்கு மேலே ஓடும் ஆற்றில் ஒன்று, அணைக்கு ஒரு கி.மீ. கீழே ஒன்று, முதல் கிளையாறு சேர்ந்த பிறகு ஒன்று. வெயில் நேரடியாகப் படாமல் துளையிட்ட குழாய்க்குள் வைத்து, ஓட்டமுள்ள இடத்தில், எவ்வளவு தாழ்ந்தாலும் நீருக்கடியிலேயே இருக்கும்படி இரும்புக் கம்பியில் கட்டுங்கள். 15 நிமிடத்துக்கு ஒரு பதிவு. மேலே வைத்தது முக்கியம். அது இல்லாவிட்டால் ஒப்பிட எதுவும் இருக்காது.

ஆக்ஸிஜனை விடியலுக்கு முன் அளக்க வேண்டும். பகலில் பாசி ஆக்ஸிஜனைக் கூட்டிக்காட்டிவிடும். பாலத்தூணில் 5 செ.மீ. இடைவெளியில் கோடு வரைந்து, கைப்பேசியில் 10 நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்தால் இறங்கும் வேகம் கிடைக்கும். பூச்சிக்கு அரை மில்லிமீட்டர் கண்ணுள்ள வலையை ஓட்டத்துக்கு எதிராகப் பிடித்து, அதன் முன்னே கற்களை ஒரு நிமிடம் காலால் கிளறுங்கள். அணைக்கு மேலே ஐந்தாறு வகையும், கீழே கொசுவைப்போன்ற ஈக்களின் புழுக்கள் மட்டும் ஆயிரக்கணக்கிலும் வந்தால், அந்த ஆறு எப்படி இயக்கப்படுகிறது என்பதை ஊகிக்க அதிக நேரம் ஆகாது.